‘நேத்து ஏன் வரலை?’

ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டிவிட்டுப் போகாதவர்கள், கடற்கரைக்கு மட்டும் விடிகாலை ஐந்தரைக்கு ஆஜராவது எப்படி? கூட்டாகச் செய்யும் உடற்பயிற்சியின் மவுசும், அது வலிக்கும் இடங்களும்.

மணி ஐந்து இருபத்தைந்து. சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், பிறரைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்காகக் கட்டிய ஷ்மிட் நினைவுச் சின்னம் இருட்டுக்குள் வெள்ளையாக நிற்கிறது. சாலையோரம் ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. காலடியில் சுருட்டி வைத்திருந்த மேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் மணலில் இறங்குகிறார்கள். மேட் வாங்காத ஒருவர் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கவிழ்த்துப் போடுகிறார். ஓரம் மடங்கிக் கிடக்கும் இடத்தில், யாருடைய காதணி விழாவிலோ சிரித்த ஒரு தாய்மாமனின் பாதி முகம் தெரிகிறது.

கோச்சுக்கு இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் விசில், காலடியில் தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். வார்ம் அப் முடிந்து ஸ்குவாட் ஆரம்பிக்கிறது. நம்ம ஊர் பஸ்கிதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

“எட்டு... ஏழு... ஆறு... அஞ்சு... நாலு...” எண்ணிக்கை அங்கேயே நிற்கிறது. எல்லோரும் பாதி உட்கார்ந்த நிலையில் உறைந்து நிற்க, கோச் மூன்றாவது வரிசைக்கு நடந்து போகிறார்.

“அக்கா, நாலுல எழுந்துட்டீங்க.”

“இல்லையே தம்பி...”

“சரி, எனக்குத்தான் கண்ணு தெரியலை. எல்லாரும் மறுபடி எட்டு.”

இருபத்து நான்கு தொண்டைகளிலிருந்து ஒரே “ஐயோ”. பின்னாலேயே சிரிப்பு. அந்த அக்காவை யாரும் திட்டவில்லை. எட்டும் மறுபடி நடந்தது. வீட்டு ஹாலில், டி.வி. முன்னால், தனியாக இருக்கும்போது நாலில் எழுந்துவிட்டால் மறுபடி எட்டு போடுகிறவரை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஆசிரியர் இந்தக் கட்டுரையைக் கொடுத்தபோது ‘பேட்டி எடுத்தால் போதும்’ என்றுதான் சொன்னார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டி நானும் பேட்ச்சில் சேர்ந்தது என் சொந்த வினை. வயது நாற்பத்தாறு. இதற்கு முன் ஒரு குளிரூட்டப்பட்ட ஜிம்மில் ஒரு வருடச் சந்தா கட்டி, பதினோரு நாள் போன அனுபவம் உண்டு. பன்னிரண்டாம் நாள் நான் போகவில்லை என்பது இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

ரிப்போர்ட்டில் தொடங்குகிறது

பயிற்சி முடிந்து அருகம்புல் சாற்றுக் கடையில் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: “எதுக்கு சார் ஆரம்பிச்சீங்க?” பதில்கள் பெரும்பாலும் லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சான ஏதோ ஓர் எண்ணைச் சுற்றியே வந்தன. மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறது. கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் எழுதிவிட்டார்கள். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் மாரடைப்பு, மகனுக்கு இப்போது ஐம்பது. ஐ.டி. நிறுவனப் பெண் ஒருவர் பளிச்சென்று சொன்னார்: “தம்பி கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். அன்னிக்கே சேர்ந்துட்டேன்.” பிரசவத்துக்குப் பிறகு பழைய சுடிதார் எதுவும் போட முடியவில்லை என்றவர் உண்டு. நாற்பது வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் மட்டும், “காலையில எழுந்தா போறதுக்கு ஓர் இடம் வேணும்ல” என்றார். அன்று அதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவர் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டேன்.

மாவட்டத் தலைநகரங்களின் அரசுப் பள்ளி மைதானங்களில் கதையே வேறு. அங்கே விடிகாலையில் ஓடுகிற கூட்டம் தொப்பைக்காக ஓடுவதில்லை, காக்கிச் சட்டைக்காக ஓடுகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்குக் கயிறு ஏறுவதும் உண்டு. தனியாக ஓடிப் பழகியவருக்குத் தன் வேகம் தெரியாது. முன்னால் ஓடுகிறவனின் குதிகாலைப் பார்த்து ஓடினால்தான் ஏழு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று காலுக்குப் புரியும்.

■ சில எண்கள்

• இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடி என்கிறது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு. நாட்டின் சராசரி 11.4 சதவிகிதம். தமிழ்நாட்டில் 14.4.

• வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் சொன்னது. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57.

• உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. அதோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி.

• தொப்பைக்கு எல்லைக்கோடு: இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

பயம் எத்தனை நாள் எழுப்பும்?

ரிப்போர்ட் கொடுக்கும் பயம் மூன்று வாரம் தாங்கும். அதிகம் போனால் அடுத்த டெஸ்ட் வரை. இந்தத் தொழிலில் பணம் போடுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஜனவரியில் ஆண்டுச் சந்தா தள்ளுபடி கொடுத்து இடம் கொள்ளாத அளவுக்கு ஆள் சேர்ப்பது, மார்ச்சில் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே? 2006இல் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க ஜிம்களின் கணக்கைக் குடைந்தார்கள். ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்துப் போயிருக்கலாம். மாதச் சந்தா கட்டியவர்களோ எப்போதாவதுதான் போனதால், ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் அழுதிருந்தார்கள். கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, ஜிம்முக்குப் போகாமலிருக்கக் காசு கொடுப்பது என்ற பொருளில்.

கடற்கரை பேட்ச்சில் மூன்று வருடமாக வருகிறவர்களிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “ஏன் நிறுத்தலை?” இப்போது யாரும் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை. “வரலைன்னா கேப்பாங்க சார்” என்றார் ஒருவர். “இவ போன் பண்ணிடுவா” என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார் இன்னொருவர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருகிறவர்கள். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்திக்கு வண்டி இல்லை.

என் கணிப்பு இதுதான்: ஆரம்பிக்க உடம்பு ஒரு காரணம் கொடுக்கிறது. தொடர்வதற்கு ‘நேத்து ஏன் வரலை?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். டிரெட்மில் அந்தக் கேள்வியைக் கேட்காது. கைக்கடிகாரம் கேட்கும், ஆனால் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிடலாம்.

இது நமக்குப் புதிதா என்ன? நான்கு மாடி ஏற லிஃப்ட் தேடுகிறவர், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் வருகிறார். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நாள்கணக்கில் நடக்கிறார்கள். மார்கழிக் குளிரில், அலாரத்துக்கு எழாதவர்கள் மாட வீதி பஜனைக்கு எழுந்துவிடுகிறார்கள். பக்தி பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 14 கிலோமீட்டரை வேறொரு நாளில், ஆளில்லாத சாலையில் தனியாக நடக்கச் சொல்லிப் பாருங்கள். எட்டாவது கிலோமீட்டரில் ஆட்டோ தேடுவார்.

படகுக்காரர்கள் சொன்ன சாட்சி

பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பு கூடுதலாக உழைக்கும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் டிரிப்லெட். சைக்கிள் வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடச் சேர்ந்து ஓட்டும்போது வேகமாக ஓட்டுவதைக் கவனித்து 1898இல் எழுதினார். குழந்தைகளிடம் தூண்டில் ராட்டையைக் கொடுத்துச் சுற்றவிட்டும் சோதித்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஜெர்மானியர் ஓட்டோ கோஹ்லரின் சோதனை. 1920களில், பெர்லின் படகுச் சங்கத்து ஆட்களை எடைதூக்க வைத்தார். முதலில் தனித்தனியாக, பிறகு இரண்டிரண்டு பேராக ஒரே கம்பியை. இருவரில் ஒருவர் கைவிட்டாலும் கதை முடிந்தது. இந்த ஏற்பாட்டில் வலுக்குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ‘என்னால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது’ என்ற ரோஷம். இதிலே ஒரு நுணுக்கம் உண்டு: ஜோடியில் இருவருக்கும் இடையே வலுவில் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் ரோஷம் பெரிதாக வரவில்லை, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் வரவில்லை. நடுத்தரமாக இருக்க வேண்டும். எங்கள் கோச் கோஹ்லரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஜோடி சேர்க்கும்போது என்னைப் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையனோடு சேர்க்காமல், என்னைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிற ஒரு மருந்துக்கடைக்காரரோடுதான் சேர்த்துவிட்டார்.

2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பல்கலைக்கழகப் படகு வீரர்கள் பன்னிரண்டு பேரைத் துடுப்பு எந்திரத்தில் 45 நிமிடம் உழைக்கவிட்டார்கள். ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் ஆறு ஆறு பேராக ஒரே தாளத்தில். உழைப்பு இரண்டிலும் ஒரே அளவு. முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, வலி எந்த அளவில் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். சேர்ந்து துடுப்பு போட்ட நாளில் வலி தாங்கும் சக்தி, தனியாகப் போட்ட நாளைப்போல ஏறக்குறைய இருமடங்கு கூடியிருந்தது. ஒரே தாளத்தில் அசையும்போது மூளையில் எண்டார்ஃபின் அதிகம் சுரக்கிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். நாற்று நடும்போதும் தேர் இழுக்கும்போதும் பாட்டும் குரலும் எதற்கு என்று நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால் இதையே வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்.

■ கூடிச் செய்தவர்கள்

• கர்லாக்கட்டை, தண்டால், சிலம்பம் எல்லாம் கூடத்தில் ஆசான் முன்னால் சேர்ந்து பழகியவை. ஜெர்மானியப் பலசாலி யூஜின் சாண்டோவின் பெயர் இங்கே எவ்வளவு பரவியது என்பதற்கு, கோவையிலிருந்து வந்த திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரே சாட்சி.

• ஜூம்பாவுக்கு முன்பே சிற்றூர்க்காரர்களை வரிசையாக உட்காரவைத்துக் கைகால் அசைக்கச் சொன்னவர் வேதாத்திரி மகரிஷி (1911-2006). அவரது எளிய முறை உடற்பயிற்சி இன்றும் மனவளக்கலை மன்றங்களில் கூட்டாகவே நடக்கிறது.

• கொலம்பியாவின் காலி நகரில் ஏரோபிக்ஸ் வகுப்புக்கு ஒலிநாடாவை மறந்துவிட்டுப் போன பெட்டோ பெரெஸ், தன்னிடம் இருந்த லத்தீன் பாட்டுகளைப் போட்டு ஒப்பேற்றினார். அதுதான் ஜூம்பா.

• 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கியது சிரிப்பு கிளப்.

• 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடிய இலவச சனிக்கிழமை ஓட்டம், ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது.

• 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது.

ஒன்பதரை மணி பேட்ச்

விடிகாலைக் கடற்கரையில் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் யார் வருகிறார்கள் என்று பார்த்தால், வீட்டில் சமையலுக்கு ஆள் இருப்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், இன்னும் திருமணம் ஆகாதவர்கள். மற்றவர்களுக்கு ஐந்தரை என்பது குக்கர் வைக்கிற நேரம். இரண்டு டிபன் பாக்ஸ் நிரம்பி, பள்ளி வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவர்களுக்கு விடிகிறது.

அதனால் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் ஒன்பதரை மணி பேட்ச் ஒரு தனி உலகம். கட்டடத்தின் பொதுக் கூடத்தில், கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் திரை போட்டு ஜூம்பா நடக்கிறது. என்னை உள்ளே விடவில்லை, சரிதான். என் சக நிருபர் போய்வந்து சொன்னார்: முதல் பத்து நிமிடம் துப்பட்டா எல்லோரிடமும் இருக்கிறது, ஊக்கு குத்தி. மூன்றாவது பாட்டில் ஒருவர் கழற்றிச் சன்னல் கம்பியில் போடுகிறார். ஐந்தாவது பாட்டில் கம்பியில் இடமில்லை.

அங்கே வருகிறவர்களில் ஒருவர் சொன்னது: “எடை ஒரு கிலோகூடக் குறையலை. ஆனா இந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை ‘அம்மா, எங்கே’ன்னு கூப்பிட மாட்டாங்க.” எடை குறையாததற்குக் கோச்சைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்குவதில்லை, சாப்பாட்டுத் தட்டும் மாற வேண்டும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாம் தராசில் தெரியாமலேயே தேறுகின்றன. தராசையே விளம்பரத்தில் போட்டு ஆள் சேர்க்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ‘30 நாளில் 6 கிலோ’ என்றதை நம்பிச் சேர்ந்தவர் முப்பத்தொன்றாம் நாள் ஏமாந்து போகிறார். போகும்போது அந்த ஒரு மணி நேரத்தையும் இழந்துவிட்டுப் போகிறார்.

‘இன்னும் ஒண்ணே ஒண்ணு!’

கோஹ்லர் கண்ட ரோஷத்துக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. அதை நான் இரண்டாம் வாரத்தில் தெரிந்துகொண்டேன். காலை மாற்றி மாற்றிக் குதிக்கும் ஒரு பயிற்சி. என் ஜோடியான மருந்துக்கடைக்காரர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. “இன்னும் ஒண்ணே ஒண்ணு!” என்று எல்லோரும் கத்தினார்கள். அந்த ஒன்றில், இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்ததுபோல் சுளீர் என்றது. ஒன்பது நாள் நொண்டினேன். தனியாகச் செய்திருந்தால் மூன்றிலேயே நிறுத்தியிருப்பேன். என் சோம்பல் என் காலைக் காப்பாற்றியிருக்கும்.

கெண்டைக்கால் போனால் ஒன்பது நாள். பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே வெறிகொண்டு வதைத்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் வகுப்புகளின் முதல் நாளில்கூட இப்படி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. நல்ல கோச் புதிதாக வருகிறவரின் எண்ணிக்கையைப் பாதியாக்குவார், மூட்டையும் முதுகையும் பற்றிக் கேட்பார், மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். ஆனால் ஒரு விசில், ஒரு ஸ்பீக்கர், செல்போனில் நாலு வீடியோ இருந்தால் யாரும் கோச் ஆகிவிடலாம் என்பதுதான் நிலைமை. சேருவதற்கு முன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். திணறுகிறவரிடம் அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

■ எப்போது நிறுத்த வேண்டும்?

• நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கண் இருட்டுதல்: உடனே நிறுத்த வேண்டும். ‘கேஸ்’ என்று சோடா குடிக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

• இன்சுலின் போடுகிறவர்கள் பையில் மிட்டாயோ குளுக்கோஸோ வைத்திருப்பது நல்லது. நடுக்கமும் வியர்வையும் எப்போதும் பயிற்சியால் வருவதில்லை.

• சரியான வேகத்துக்கு எளிய அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

வாட்ஸ்அப் வருகைப் பதிவேடு

எங்கள் பேட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதுக்கு ஒரு கேள்வி வரும்: ‘நாளை யார் யார்?’ கட்டைவிரல்கள் வரிசையாக எழும். கட்டைவிரல் காட்டாதவருக்குத் தனியாகச் செய்தி போகும். இந்த நச்சரிப்புதான் பலரை எழுப்புகிறது, மறுப்பதற்கில்லை. அதே குழுவில் மாதக் கடைசியில் எடைப் பட்டியலும் வருகிறது. ஏறியவர் பெயருக்கு எதிரே ஒரு அழுகைப் பொம்மை. கேலிக்குத்தான். பட்டியல் வந்த இரண்டாம் நாள், ‘இவர் குழுவிலிருந்து வெளியேறினார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. ஸ்குவாட்டில் நாலில் எழுந்த அந்த அக்கா. அவர் போனதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பட்டியல் வரவில்லை என்பது மட்டும் உண்மை.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு வழியில்லாமல் இல்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் தி.நகர் நடேசன் பூங்காவிலும் வட்டமடிக்கும் நடைக் கூட்டணிகளுக்குக் கட்டணம் கிடையாது. அவற்றின் கோச், வட்டத்தில் முன்னால் போகிற மூத்தவர். அங்கே போய் நின்றால் கேட்கிற குறை வேறு: உடற்பயிற்சிக் குழுக்களின் ஸ்பீக்கர் சத்தம். “பார்க்குக்கு அமைதிக்குத்தானே வர்றோம்” என்கிறார் ஒரு பெரியவர். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பொது மணலிலும் பொதுப் புல்லிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துவது யார் அனுமதியில் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் கோச்சிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஒரு மேட் இடைவெளி

கால் தேறி நான் திரும்பிப் போன நாள் திங்கட்கிழமை. இறங்கியதுமே மருந்துக்கடைக்காரர், “என்ன சார், லீவ் லெட்டர் கூடத் தரலை?” என்றார். அசிங்கமாகவும் இருந்தது, என்னவோ நன்றாகவும் இருந்தது.

வரிசையில் நின்றோம். இரண்டாம் வரிசையில், ஓய்வுபெற்ற வங்கி சார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் தள்ளி நின்று அதை நிரப்பவில்லை. ஒரு மேட் அளவுக்கு மணல் விட்டே விரித்திருந்தார்கள். வார்ம் அப் நடுவில் கோச் பாட்டை நிறுத்தினார்.

“சாருக்கு யாராவது போன் போட்டீங்களா?”

“ரெண்டு தடவை. எடுக்கலை.”

“வீடு யாருக்குத் தெரியும்?”

சாஸ்திரி நகரில், பிள்ளையார் கோயில் தெருவில், மாடி வீடு என்றார் ஸ்கூட்டரில் ஜோடியாக வருகிறவர்களில் ஒருவர். மனைவி இறந்து இரண்டு வருடம், மகள் அமெரிக்காவில் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் மேட்டைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

நாங்கள் தொடர்ந்தோம். யாரும் கணக்காகச் செய்யவில்லை, கோச்சும் கண்டுகொள்ளவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டாராம். தூங்கிட்டாராம். கதவைத் தட்டுனதுக்குத் திட்டுறாரு.”

பின்னாலேயே, தூரத்திலிருந்து சாரின் குரல்: “வரேன்னு சொல்லு, இருக்கச் சொல்லு!”

கோச் விசிலை வாயில் வைத்தார். “எட்டு...”